மென்பொருளும் மராமத்தும்

(திருவில்லிபுத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மென்பொறியாளர் தம் பின்னணியையும் ஈடுபாடுகளையும் தொழிலில் தாம் நம்புவதையும் பற்றிப் பேசவேண்டும் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மூன்றாவதற்கு மீதி நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்தார். ரிங் பிரேம்களைக் கழற்றித் துடைத்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, எண்ணெய் போட்டு மறுபடி பூட்டுவது அவர் வேலை. அம்மா பிறந்த ஊர் வத்திராயிருப்புக்குப் பக்கம், பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் பூமி. தாத்தாவுக்கு அங்கே கொஞ்சம் நஞ்சை இருந்தது. பள்ளி நாட்களில் மில் சங்கு, விடுமுறையில் கண்மாய்க்கரை என்று இரண்டு பக்கமும் வளர்ந்தவன் நான். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். பொறியியல் கல்லூரிக்குப் போனபோது கணினியைக் கண்டு பயம் வரவில்லை. கணினியைப் பற்றிய புத்தகத்தின் ஆங்கிலத்தைக் கண்டுதான் பயம் வந்தது.

ஈடுபாடுகள் என்றால் மூன்றைச் சொல்வேன். எழுத்துருக்கள், வரைபடங்கள், நீர்ப்பறவைகள். மூன்றும் வேறு வேறு திசையில் இருப்பவை போலத் தெரியும். முகம் தெரியாத பலர் ஊதியம் இன்றிச் சேர்ந்து உழைத்து எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்ட செல்வத்துக்கே மூன்றும் என்னை அழைத்துப் போயின. அந்தப் பொதுச் செல்வத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உங்களில் ஒருவர் இப்போது கைப்பேசியை எடுத்து 'கொய்யா' என்று தட்டச்சு செய்வதாக வைத்துக்கொள்வோம். திரையில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், அதன்பின் கால் என்று வரிசையாகத் தெரியும். கைப்பேசியின் நினைவகத்தில் அந்த வரிசை கிடையாது. அங்கே முதலில் ககரம் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒகரக் குறி ஒரே எண்ணாக இருக்கிறது. அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மறுபாதியைப் பின்னால் வைக்கும் வேலையை யாரோ செய்தாக வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் அதைச் செய்வது ஹார்ப்பஸ் என்னும் மென்பொருள். ஆண்ட்ராய்டில் அது இருக்கிறது. குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளில் இருக்கிறது. லிப்ரே ஆபீசில் இருக்கிறது. இதை முன்னின்று எழுதியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத். அவரோடு நெடுங்காலம் உழைத்துவருபவர்களில் ஒருவர் எகிப்தைச் சேர்ந்த காலித் ஹொஸ்னி. நிரல் முழுவதும் வெளிப்படையாக இருக்கிறது. யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். நம் வீட்டுப் பிள்ளை அம்மாவுக்குத் தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திகளில் பெரும்பகுதி, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மனிதர்கள் பேணும் நிரலின் வழியே ஒழுங்காகத் தெரிகிறது.

இதை நான் முதன்முதலில் அறிந்தபோது எனக்குள் நன்றியும் கூச்சமும் சேர்ந்தே எழுந்தன. நம் எழுத்துக்கு நாம் என்ன செய்தோம் என்று தேடத் தொடங்கினேன். தேடியபோது பெருமைப்படத்தக்க ஒரு வரலாறு கிடைத்தது. இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு அதை யாரும் பாடமாகச் சொல்லித்தருவதில்லை என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பெயரில் மதுரை இருந்தாலும் அது பிறந்த இடம் கடல்கடந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரையான தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்தார்கள். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். எல்லாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கலிபோர்னியாவில் சிலர் கூடி, யாரும் படித்துத் திருத்தும்படி நிரலைத் திறந்துவைக்கும் முறைக்கு 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரையே முடிவு செய்தார்கள். அந்தப் பெயர் உலகுக்குத் தெரிவதற்கு முன்பே தமிழர்கள் அந்த முறையில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது எல்லாருக்கும் பொதுவான குறியேற்றமாகிய யூனிக்கோட்டில் தமிழ் சாதாரணக் கணினிகளுக்கு வந்து சேரவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம் என்று தமிழ் சிதறிக் கிடந்த காலம். ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவர் திரையில் குப்பையாகத் தெரியும். அந்த நிலையிலும் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். பின்னால் யூனிக்கோடு பரவியபோது சேர்த்த நூல்களை அதற்கு மாற்றும் வேலையையும் செய்தார்கள். முதல் வேலைக்குப் பாராட்டு கிடைத்தது. இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது நடந்திராவிட்டால் முதல் வேலையும் இன்று பயன்படாமல் போயிருக்கும்.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2017இல் அதில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2005இல் ஈழத்தமிழர்கள் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், தன் நூல்களும் இதழ்களும் மறுபடி அழியாதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. 2007இல் முத்தையா அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதக்கூடிய எழில் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். பிறகு வந்தது ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கணினியிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். மகரத்தையும் இகரக் குறியையும், ழகரத்தையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று என்று சரியாக எண்ணச் சொல்லித்தரும் கருவிகள் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. சிறிய வேலையாகத் தெரியும். அகராதி, சொற்பிழை திருத்தி, சொல் விளையாட்டு எதைச் செய்தாலும் இந்த எண்ணிக்கையில்தான் தொடங்கவேண்டும்.

2012இல் த. சீனிவாசன் முதலானோர் கணியம் இதழைத் தொடங்கினார்கள். து. நித்யா எளிய தமிழில் எழுதிய மைசீக்குவல் தரவுத்தள நூல் போன்றவை அங்கிருந்து வந்தன. ஆங்கிலப் புத்தகத்தின் முன் தடுமாறிய மாணவனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தரவுத்தளம் என்றால் என்ன என்பதைத் தாய்மொழியில் ஒரு பக்கம் படித்துவிட்டு ஆங்கில நூலுக்குப் போகிறவனுக்கும் நேரே போகிறவனுக்கும் இடையே ஓராண்டு உழைப்பு வித்தியாசம் இருக்கும். ஆங்கிலம் கற்கவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அறிவின் வாசலுக்கு வரும் பிள்ளையை ஆங்கிலத் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்பக்கூடாது.

அரசுத் தரப்பிலும் நல்ல முயற்சிகள் நடந்தன. எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் இ.ஆ.ப. பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் அலுவலகக் கணினிகள், யாரும் படித்து மாற்றக்கூடிய கட்டற்ற இயங்குதளமான சூசே லினக்சுக்கு மாறின. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் சேர்த்து, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. இந்த அரங்கில் அந்த மடிக்கணினி வாங்கியவர்கள் பலர் இருப்பீர்கள். அதைத் திறந்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று அது கேட்டிருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லித்தரப் பள்ளிகளில் ஆள் இல்லை. கருவியைக் கொடுத்தோம், கூடவே நின்று பழக்கும் மனிதர்களைக் கொடுக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடத்துகின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வேறுபாடு அந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

இனி என் மையக் கருத்துக்கு வருகிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்றவுடன் மக்கள் மனத்தில் எழுவது கொடை என்ற எண்ணம். யாரோ நல்லவர் எழுதினார், உலகுக்குக் கொடுத்தார். கொடுத்தது உண்மை. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டார். இந்த இரண்டு பெயர்களும் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டன. ஆனால் மென்பொருள் ஒருமுறை எழுதி முடித்தால் நிலைத்து நிற்கும் பொருள் அல்ல. கீழே உள்ள கருவி மாறுகிறது, பக்கத்தில் உள்ள மென்பொருள் மாறுகிறது, தாக்க நினைப்பவனின் தந்திரம் மாறுகிறது. நெடுங்காலம் யாரும் தொடாமல் விட்டால் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகலாம். எழுதுவதற்கு ஆகும் உழைப்பைப் போலப் பல மடங்கு, எழுதியதைப் பேணுவதற்கு ஆகும்.

இதை விளக்க வெளியூர் உவமை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் 1970களில் கட்டப்பட்டவை. அவற்றுக்குக் கீழே இருக்கும் கண்மாய்கள் அணைகளைவிடப் பல தலைமுறை மூத்தவை. அணையில் நீர் திறந்தால் அது ஒரு கண்மாயை நிறைத்து, கலுங்கில் வழிந்து, வரத்துக்கால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவில் ஒரு வரத்துக்கால் தூர்ந்து சீமைக்கருவேலம் மண்டிவிட்டால் கடைசிக் கண்மாய்க்காரர் வயல் காயும். கண்மாயை வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் கோடையில் வண்டல் அள்ளி, கரையின் நண்டு வளைகளை அடைத்து, மடைப் பலகையைச் சரிபார்த்து, மழை இரவில் விளக்கோடு கரையில் நடந்தவர்களின் பெயர்களை யாரும் பொறிக்கவில்லை. கண்மாய் இத்தனை நூற்றாண்டு நின்றது அவர்களால். அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர் இருந்தது.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் இப்படிப்பட்ட பொதுச் சொத்துகளைப் பல நாடுகளில் ஆராய்ந்தார். நேபாளத்தில் உழவர்களே நடத்திய வாய்க்கால்களும் அவர் ஆய்வில் உண்டு. 1990இல் அவர் நூல் வந்தது. 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துறையில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். பொதுவில் இருப்பது சீரழிந்தே தீரும், ஆகவே தனியாரிடமோ அரசிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதுவரை பலர் சொல்லிவந்தார்கள். ஆஸ்ட்ரம் களத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பயன்படுத்துவோர் தாங்களே விதி வகுத்துத் தாங்களே கண்காணிக்கும் இடங்களில் பொதுச் சொத்து தலைமுறை தலைமுறையாக நிலைக்கிறது என்று காட்டினார். பின்னாளில் அறிவையும் இப்படிப்பட்ட பொதுச் சொத்தாகக் கண்டு எழுதினார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். கட்டற்ற மென்பொருள் கேட்பாரற்ற மென்பொருள் அல்ல. கண்மாய்க்கரையில் யாரும் நடக்கலாம். கலுங்குக் கல்லை நினைத்தவர் நினைத்தபடி நகர்த்த முடியாது. அதுபோல நிரலை யாரும் படிக்கலாம், படியெடுத்துத் தன் வீட்டில் எப்படியும் மாற்றலாம். மூலத்தில் ஒரு வரி சேரவேண்டும் என்றால், அதைப் பேணுபவர் படித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, சோதித்து ஏற்கவேண்டும். இந்த ஒழுங்கு இருப்பதால்தான் முகம் அறியாத ஆயிரம் பேர் ஒரே மென்பொருளில் சண்டையின்றி வேலை செய்ய முடிகிறது.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை மாணவர்கள் எல்லாரும் பயன்படுத்துகிறீர்கள். 2005 ஏப்ரலில் லினஸ் அதை எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அன்று தொடங்கி இருபது ஆண்டுகளாக ஹமானோ அதைப் பேணிவருகிறார். உலகின் மென்பொருளில் பெரும்பகுதி அந்தக் கருவியின் மேல் நிற்கிறது. எழுதியவர் பெயரை எல்லாரும் சொல்கிறோம், காத்தவர் பெயரை இந்த அரங்கில் பலர் இப்போதுதான் கேட்கிறீர்கள்.

காப்பவர் ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற மென்பொருள் லினக்ஸ் இருக்கும் இடங்களிலெல்லாம் இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்ற ஒரே மனிதர் அதைத் தம் ஓய்வு நேரத்தில் பேணிவந்தார். வேலை தாமதமாகிறது, புதிய ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். உடல்நிலையும் மனநிலையும் தளர்ந்திருந்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பு கைக்கு வந்தபின், உலகத்தின் சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கான வழியை 2024இல் அந்த மென்பொருளுக்குள் ஒளித்துவைத்தார். ஆண்ட்ரெஸ் பிராயின்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனையில் இருந்தபோது, உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த அரை விநாடியை அலட்சியம் செய்யாமல் தோண்டிப் பார்த்தார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும் சேதம் நேர்வதற்கு முன் அடைக்கப்பட்டது.

இந்தக் கதையை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். வெளிப்படையாக வைத்ததால்தான் திருடன் நுழைந்தான் என்பது ஒன்று. வெளிப்படையாக வைத்ததால்தான் பிடிபட்டான் என்பது இன்னொன்று. இரண்டாவதை ஏற்கிறேன், மூடிய நிரலில் பிராயின்ட் தோண்டிப் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் என் மனத்தில் தங்கியது காலினின் தனிமை. கோடிக்கணக்கான கணினிகளைத் தாங்கிய கரையில் ஒரே ஒரு மனிதர் நடந்துகொண்டிருந்தார். அவருக்குத் துணையாகப் போய் நின்றது திருடன் மட்டும்தான். நல்லவர்களாகிய நாம் யாரும் போகவில்லை.

இது முதல் முறையும் அல்ல. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. வங்கிகளும் கடைகளும் அரசுகளும் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருளில் அந்த ஓட்டை. அந்த மென்பொருளுக்கு அப்போது முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொண்டு பணம் போட்டது அதற்குப் பிறகுதான். நம் நாட்டில் பெங்களூரு ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. எடுத்து உண்பவர் திருப்பித் தரவேண்டும் என்பதை ஓர் இந்திய நிறுவனம் ஏற்றுக்கொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

குடிமராமத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1858இல் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஊர் தானே முன்வந்து செய்தது, வராவிட்டால் தண்டம் என்றானது. அதற்கு முன்னும் எல்லாருக்கும் நியாயமாக நடந்ததா என்றால் இல்லை. கரையில் மண் சுமந்தவர்களில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. மடையைத் திறக்கும் வேலை ஒரு சாதியின் முதுகில் ஏற்றப்பட்டது. எப்போது திறப்பது என்ற முடிவு இன்னொரு சாதியின் கையில் இருந்தது. பொதுச் சொத்து என்ற சொல்லை உச்சரிக்கும்போது, அந்தப் பொதுவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

மென்பொருளிலும் இதே கேள்வி இருக்கிறது. ஓய்வு நேரம் உள்ளவர்தான் பங்களிக்க முடியும் என்றால், ஓய்வு நேரம் யாரிடம் இருக்கிறது? வேலை முடிந்து வந்து அடுப்படிக்குள் நுழையும் பெண்ணிடம் இல்லை. கல்லூரி முடிந்ததும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறிக்குப் போகும் பையனிடம் இல்லை. ஆங்கிலத்தில் பிழையின்றிக் கேள்வி கேட்பவனுக்கு ஒரு நாளில் விடை வருகிறது; தட்டுத்தடுமாறிக் கேட்பவளுக்கு விடையே வருவதில்லை. கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசற்படியை இடுப்பு உயரத்துக்குக் கட்டிவைத்தால் யார் நுழைவார்கள்? விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றி வகுப்பு எடுக்கிறார்கள். ஊட்டியில் வாழ்ந்தபடி இந்தியப் பைத்தான் நிரல்மொழிச் சமூகத்தை வளர்த்த கென்னத் கன்சால்வ்ஸ் 2012இல் மறைந்தார். அவர் பெயரில் பைக்கான் இந்தியா மாநாட்டில் ஆண்டுதோறும் விருது தருகிறார்கள். மலையூரில் இருந்துகொண்டே ஒருவர் நாடு முழுவதும் உள்ள நிரலாளர்களுக்கு ஆசானாக இருக்க முடிந்தது. இந்தப் பணிகளைப் வாசற்படியைத் தாழ்த்தும் வேலை என்றே நான் பார்க்கிறேன்.

பெற்றோர்கள் மனத்தில் இப்போது ஒரு கேள்வி இருக்கும். காசு வராத வேலையை எம் பிள்ளை ஏன் செய்யவேண்டும்? நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் படிக்கவைத்தவர் கேட்காமல் யார் கேட்பார்? என் விடை இது. பிள்ளையின் குடும்பத்துக்குச் சம்பளம் முதலில் வரவேண்டும். பசியோடு யாரும் தொண்டு செய்யவேண்டாம். அதே நேரம், நகரத்துக் கல்லூரிப் பெயரும் பரிந்துரை சொல்லும் உறவும் இல்லாத பிள்ளைக்குக் கட்டற்ற மென்பொருளைப் போல உதவும் சான்றிதழ் வேறு இல்லை. அவள் அனுப்பிய திருத்தம், அதை மூத்தவர் கேள்வி கேட்டது, அவள் பதில் சொன்னது, கடைசியில் ஏற்கப்பட்டது எல்லாம் தேதியோடு பொதுவில் இருக்கின்றன. வேலைக்கு ஆள் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மதிப்பெண் பட்டியலைவிட அந்தப் பக்கத்தை நான் கவனமாகப் படிப்பேன். இன்னொன்று: கல்லூரியில் நான்காண்டு எழுதும் நிரலை ஆசிரியர் ஒருவரே பார்க்கிறார். இங்கே உலகின் தேர்ந்த பொறியாளர்கள் உங்கள் நிரலை வரிவரியாகத் திருத்துகிறார்கள். அப்படிப்பட்ட குரு எந்தக் கட்டணத்துக்கும் கிடைக்கமாட்டார்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அந்தக் கருவிகள் கற்றதே பொதுவில் கிடந்த நிரல்களைப் படித்துத்தான். எழுதுவது எளிதாகியிருக்கிறது, அதனால் பேணுபவரின் சுமை கூடியிருக்கிறது. 1998 முதல் கர்ல் என்ற மென்பொருளைப் பேணிவரும் சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க், இயந்திரம் எழுதிய போலிப் பிழைப்புகார்கள் தம் குழுவின் நேரத்தைத் தின்பதாக வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார். மலிவாக எழுதப்பட்டதைப் படித்து, சரியா தவறா என்று பொறுப்போடு சொல்லும் கண்கள்தான் இனிமேல் அரியவை. அந்தக் கண்களை இப்போதே பழக்குங்கள்.

ஆகவே மாணவர்களிடம் நான் கேட்பது, புதிய திட்டம் ஒன்றைத் தொடங்குங்கள் என்பதை அல்ல. தொடங்கி ஆறு மாதத்தில் கைவிடப்பட்ட தமிழ்ச் செயலிகள் நிறையக் கிடக்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பேணுபவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஓப்பன் தமிழில் தீராத பிழைகள் வரிசையாக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. லிப்ரே ஆபீசின் தமிழாக்கத்தில் பழைய சொற்களைச் சீர்செய்ய ஆள் வேண்டும். மதுரைத் திட்டத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவர் எப்போதும் தேவை. நிரல் தெரியாத தமிழாசிரியர்கள் அதைச் செய்யலாம். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்துக்கு யாரும் தம் குரலைத் தரலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவினர் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் திறந்த முறையில் வெளியிடுகிறார்கள். இப்படிப்பட்ட மாதிரிகள் கற்கும் குரல் தரவுகளில் நம் பக்கத்துப் பேச்சு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் நாளைய இயந்திரம் நம் பாட்டி பேசுவதைப் புரிந்துகொள்ளும்.

எனக்கு மிகவும் விருப்பமான வேலையைக் கடைசியாகச் சொல்கிறேன். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடத்தை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷ் அந்த வரைபடத்தை அடிப்படையாக வைத்து, வெள்ளம் தேங்கிய தெருக்களை மக்களே குறிக்கும்படி ஒரு பக்கம் அமைத்தார். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. வரைபடம் முன்பே பொதுவில் இருந்ததால்தான் அவசரத்துக்கு உதவியது. நம் பகுதியை அதில் திறந்து பாருங்கள். பெரிய சாலைகள் இருக்கின்றன, அணைகள் இருக்கின்றன. 2025இல் கைப்பேசிக் காணொளிகளால் கூமாப்பட்டியை நாடே பார்த்தது. ஆனால் கூமாப்பட்டிக் கண்மாயின் மடை எது, கலுங்கு எது, தண்ணீர் வழிந்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று வரைபடத்தைப் பார்த்து ஒருவர் சொல்ல முடியாது. வயலுக்குத் தண்ணீர் வராத உழவர் மனு எழுதும்போது, தூர்ந்த வரத்துக்காலின் இடத்தைத் துல்லியமாகக் காட்ட ஒரு தாள் அவர் கையில் இருக்கவேண்டும். பொங்கல் நாட்களில் 2015 முதல் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எந்தக் கண்மாயில் எத்தனை நாரை என்று பதியும்போது, அந்தக் கண்மாய்க்கு வரைபடத்தில் பெயரே இல்லாமல் இருப்பதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

மடைகளுக்கெல்லாம் பெயர் உண்டு. அவை எந்தக் கோப்பிலும் முழுமையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த அரங்கில் இருக்கும் அறுபது, எழுபது வயதுப் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. மாணவர்களுக்கு வரைபடம் எழுதத் தெரியும், மடைப்பெயர் தெரியாது. பெரியவர்களுக்குப் பெயர் தெரியும், கருவி தெரியாது. தேநீருக்குப் பிறகு பக்கத்து அறையில் கணினிகளைத் தயாராக வைத்திருக்கிறோம். வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, மகாராஜபுரம், கான்சாபுரம் என்று ஊர் ஊராக அச்சிட்ட பெரிய தாள்களும் மேசையில் இருக்கின்றன. ஐயாமார்களும் அம்மாமார்களும் கிளம்பிவிடாமல் அங்கே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக்காட்டுவார்கள். உங்கள் ஊர்த் தாளில் விரலை வைத்து, மடை மடையாகப் பெயரைச் சொல்லுங்கள்.